காலடிச் சத்தமும் புதுத் தொப்பியும்

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் முட்டிவலி தேவலையா? நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆராய்ச்சிக்குப் பணத்தை அள்ளிக் கொடுப்போம் என்று தமுக்கடித்த இந்த வீடியோ கேம் கம்பெனியை நம்பித்தானே வந்தேன். விளையாட்டில் காலடிச் சத்தத்தை வைத்தே ஆளை அடையாளம் காண வைக்க முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. நேற்று முதலீட்டுப் பிரிவு மேலாளர், "என்ன கண்டுபிடிப்பீங்கன்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம்தான் பணம். அதான் பாலிசி" என்றார்.

"அது தெரிஞ்சா ஆராய்ச்சி எதுக்கு சார்?" என்றேன்.

பணம் முழுவதும் விளையாட்டில் வரும் கதாநாயகனின் புதுத் தொப்பிகளுக்குப் போய்விட்டது. தொப்பியென்றால் விளையாடுகிறவர்கள் காசு கொடுத்து வாங்குவார்களாம். எனக்கும் இனி அந்த வேலைதான். பற்றிக்கொண்டு வந்தது, சிரித்துவைத்தேன். கவலைப்படாதீர்கள்.

தொப்பிக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அம்மா செருப்பைத் தேய்த்துக்கொண்டு கூடத்தில் நடக்கும் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தேன் அல்லவா? ஆபீசுக்கு இனி அது வேண்டாம். எனக்கு அனுப்புங்கள்.

உங்கள் மகள்