உதைத்து முடிந்த பிறகு

அன்புள்ள கோல்பி,

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் நீ உதைத்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியதை டிவியில் பார்த்தேன். மறுநாளே உன்னை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று பக்கத்துப் பண்ணை லாய்ட் வந்து சொன்னான். பதினோரு வருடத்தில் இது ஆறாவது அணி.

"என்னக்கா, உன் பேரனுக்கு அவ்வளவு பெரிய கம்பம் கண்ணுல படலையா?" என்றான்.

"நீ முதல்ல டிராக்டர என் வேலியில மோதாம ஓட்டுடா, அப்புறம் அவன் உதைக்கிறதப் பத்திப் பேசலாம்" என்றேன்.

உதைக்கப் போகிறவனிடம் யாரும் பேசக் கூடாது என்று பள்ளி நாட்களில் நீதான் சொன்னாய். அதனால் ஆட்டக் காலத்தில் நான் உனக்குப் போன் செய்வதே இல்லை. இந்த நான்கு நாளும் அதே பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். உதைத்து முடிந்துவிட்டது என்பது இன்று காலைதான் எனக்கு உறைத்தது.

அடுத்த அணி கூப்பிடுமா என்று கேட்க மாட்டேன். சோளம் அறுத்தாயிற்று, கொட்டகைக்குப் பின்னால் நீ உதைத்துப் பழகிய தரை வெறுமையாகக் கிடக்கிறது. பன்னிரண்டு வயதில், நான் மண்டியிட்டு அந்த முட்டைப் பந்தை உனக்காக நிறுத்திப் பிடித்திருந்தபோது நீ உதைத்துக் கோணலாக்கிய என் விரல் பந்தின் நுனியில் இன்னும் சரியாகப் பொருந்தும். இப்போது மண்டியிடத்தான் முடியாது. பால் கறக்கிற முக்காலியில் உட்கார்ந்து பிடிக்கிறேன். வேண்டிய மட்டும் உதை. நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன்.

உன் பாட்டி