நடக்கும் தூசி

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

பாலிக் புலாவில் ஓயாத மழை. நான் வாப்பா வீட்டுக்கு வந்த காரணத்தை எழுத மாட்டேன். இங்கே கண்ட ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன்.

மழைக்குப் பயந்து வாப்பாவின் கொப்பரையை மூட்டை கட்டினேன். மறுநாள் கையெல்லாம் தடிப்பு, ஒரே அரிப்பு. உங்கள் கையில் இருந்த அதே தடிப்பு! நீங்களோ மலைக்கு அப்பால், பினாங்குப் பட்டணத்தில்.

வாப்பாவின் பூதக்கண்ணாடியைக் கொப்பரைத் தூசியின் மேல் பிடித்தேன். தூசி நடந்தது, மச்சான்! பொடிப் பொடியாய், வெள்ளையாய், உயிரோடு. எதைத் தின்கின்றன, எங்கே போகின்றன என்று மதியச் சோற்றையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உம்மா எட்டிப் பார்த்தார். "யா அல்லா! இதுவா கடிச்சிச்சு? கண்ட எடத்துக்குப் போய் வாங்கிட்டு வந்த நோய்னு மாப்பிள்ளையச் சொன்னியேடி!"

அது கிடக்கட்டும். உங்கள் சரக்குக் கிட்டங்கியில் கொப்பரை மூட்டை தூக்கும் மற்றவர்களுக்கும் அரிக்கிறதா? கேட்டு எழுதுங்கள். வேண்டாம், நேரிலேயே வந்து சொல்லுங்கள். கண்ணாடியை எடுத்து வைத்திருக்கிறேன், நீங்களும் பார்க்கலாம். வேலைச் சட்டையை மட்டும் கிணற்றடியிலேயே கழற்றிப் போட்டுவிடுங்கள்.

பாய் ஒன்றுதான் விரிப்பேன்.

இப்படிக்கு,
உங்களைத் தள்ளிப் படுக்கச் சொன்னவள்