உந்தப் பாலம்

1996 ஒக்டோபர் 5, சனி. காலை 6.55. வான் 3, ஆட்கள் 21.

மில்லிக்கன் பிளாசா கார் தரிப்பிடம். 4 பாகை, வானம் தெளிவு. புறப்பட வேண்டியது 6.30. யாரோ பிளாஸ்கை மறந்து வீட்டுக்கு ஓடியதில் 25 நிமிடம் போயிற்று.

வடக்கே ஆறும் காடுமாக 260 கி.மீ. இலை சிவக்கும் வாரம், அதைப் பார்க்கப் போகிறோம். வழிகாட்டி நான். போன கிழமையே தனியாகக் காரில் ஓடிப் பார்த்து, திரும்பும் இடங்களைக் குறித்து வழித்தாள் தயார்.

வா.1: நான். சாப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் இதில்.
வா.2: குகன் அண்ணை. எங்கள் மாடிக் கட்டட ஆள். பள்ளி பஸ் கொம்பனியில் மேற்பார்வையாளர்.
வா.3: ரவி. என்னோடு அறையில் இருப்பவன், மட்டக்களப்பு. குகன் அண்ணை எடுத்துக் கொடுத்த வேலையில் ஆறு மாதமாகப் பள்ளி பஸ் ஓட்டுகிறான்.

மூன்றிலும் வோக்கி-டோக்கி. வழித்தாள் இரண்டு பிரதிதான் எடுத்தேன், எனக்கும் குகன் அண்ணைக்கும். ரவி கேட்டான். "தாள் தேவையில்லை, பின்னால வந்தாக் காணும்" என்றேன்.

குகன் அண்ணையின் அம்மா, செல்வமணி அன்ரி, முன் சீட் கேட்டு ரவியின் வானில் ஏறினார்.

9.20. பெற்றோல் ஷெட். ரவி ரேடியோவில், "வலப்பக்கம் கிறுகவா?" மூன்று வானிலும் சிரிப்பு. திரும்புவதற்கு அவன் ஊர்ச் சொல். குகன் அண்ணை: "கிறுகு தம்பி, தலை சுத்தாமல் கிறுகு." அவனும் சிரித்தான்.

அதே நாள், பின்னேரம் 5.10. ஆஸ்பத்திரி வராந்தா.

11.40க்கு ரவி: "பாலத்துக்கு வந்திட்டம். கிறுகவா?" நான்: "ஓம், உந்தப் பாலம் தாண்டின உடனை இடக்கைப் பக்கம்." நான் அப்போது சாப்பிடும் இடத்தில், ஆற்றங்கரையில். வா.2 வந்தது. வா.3 வரவில்லை. ரேடியோவில் இரைச்சல் மட்டும்.

மரம் ஏற்றும் மண்பாதையில் போய்விட்டான். வான் சேற்றில் புதைந்தது. அன்ரி காலையில் இன்சுலின் போட்டவர். மதியச் சாப்பாடு என்னிடம். 1.15க்கு வானால் இறங்கும்போது, சீனி குறைந்து மயங்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. ரவி மூன்று கி.மீ. ஓடி, ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, பழச்சாறு வாங்கி அம்புலன்சுக்கும் சொல்லியிருக்கிறான்.

குகன் அண்ணை, எல்லோருக்கும் கேட்க: "எங்கட தமிழ் விளங்காதவனை ஓட விட்டது என்ரை பிழை. உவன் இனிப் பள்ளிப் பிள்ளையளை எப்பிடி ஏத்துறான் எண்டு நான் பாக்கிறன்."

ரவி என்னைப் பார்த்தான். நான்: "பின்னால வரச் சொன்னனான்தானே." சரியான பதில். அவன்தான் பின்தங்கினான்.

6, ஞாயிறு. மழை.

அன்ரிக்கு ஒபரேஷன் முடிந்தது என்று போன். ஆறு கிழமைக்கு நடை இல்லை. குகன் அண்ணை பின்னேரம் திரும்புகிறார். அவரின் தங்கை அங்கே நிற்கிறா.

ரவி பருப்பும் முட்டையும் சமைத்தான். சாப்பிட்டு முடித்தோம். பிறகு:
"மச்சான், நான் என்ன பிழையாக் கேட்டன்?"
"எந்தப் பாலம் எண்டு கேட்டிருக்கலாம்."
"நீ உந்தப் பாலம் எண்டாய். எனக்கு முன்னுக்கு நிண்டது அதுதான். மறுகா நான் என்னத்தைக் கேக்க?"
"உன்னோடை கதைக்க ஏலாது." கதவை அடித்துச் சாத்திவிட்டுக் கீழே போய்க் காருக்குள் வரைபடத்தை விரித்தேன்.

ஆறு ஒன்று. பாலம் இரண்டு. இடைவெளி 9 கி.மீ. திரும்ப வேண்டியது இரண்டாவதைத் தாண்டி. அன்ரி கழிவறைக்குப் போக ரவி வழியில் வானை நிறுத்தியிருக்கிறான். ஆகவே அவன் நின்றது முதல் பாலத்தில். இரண்டாவதில் நிற்கிறான் என்பது அப்போது என் ஊகம்.

'உந்த' என்றால் கேட்பவனுக்குக் கிட்ட இருப்பது. யாழ்ப்பாணத்தான் எவனும் அப்படித்தான் விளங்குவான். மட்டக்களப்பானும் அப்படியேதான் விளங்கினான். கேட்பவன் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் அதைச் சொன்னவன் நான். வேலையில் யாராவது போனில் "உந்த போல்ட்டை இறுக்கு" என்றால் ஆளைக் கிழித்திருப்பேன்.

மேலே வந்தேன். ரவி படுத்துவிட்டான். எழுப்பிச் சொல்லவில்லை.

7, திங்கள். பின்னேரம் 6.20. காற்று.

லிப்டுக்குள் குகன் அண்ணை. "கடிதம் எழுதியாச்சு. நாளைக்கு மேலிடத்துக்குக் குடுக்கிறன். நீயும் ஒரு கையெழுத்து வை தம்பி. நீதானே வழிகாட்டி."
வாங்கிக்கொண்டேன். "சரி அண்ணை" என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன்?

ஒரு பக்கம். 'சொல்வதை விளங்கிக்கொள்ளாதவர், கவனக்குறைவானவர்.' இந்த வேலையைக் காட்டித்தான் ரவி ஊரில் இருக்கும் மனைவியைக் கூப்பிடப் பத்திரம் போட்டிருக்கிறான். வேலை போனால் அதுவும் நிற்கும்.

செய்ய வேண்டியது:

1. கையெழுத்து வைப்பதில்லை.
2. நாளை காலை 6.15. குகன் அண்ணை வேலைக்கு இறங்குமுன் கதவைத் தட்டுவது. ரேடியோவில் நான் சொன்ன வசனம், வழித்தாள் கொடுக்காதது, இரண்டையும் சொல்வது. 'ஆனால்' என்று எதையும் சேர்ப்பதில்லை.
3. சனிக்கிழமை காரில் வடக்கே போய், அன்ரியிடம் நேரே சொல்வது. ஏசினால் நின்று கேட்பது.
4. இவ்வளவுக்கும் முதல் ரவியிடம் சொல்வது. குசினியில்தான் சமைத்துக்கொண்டு நிற்கிறான். எனக்குத்தான் முக்கால் மணித்தியாலமாக மேசையை விட்டு எழும்ப முடியவில்லை.