உளுத்தது, இற்றது, பொரிந்தது

மார்ச் 3

விரிசல் ஆபீசருக்கு,

நலம். இங்கே வாடகை அறைக்குக் கீழே லேத் பட்டறை. நாள் முழுக்க இரும்பு அறுபடும் சத்தம். மொழிபெயர்ப்பை அமைதியாக முடிக்கப் போகிறேன் என்று சொல்லித்தானே கிளம்பி வந்தேன்? நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள். வந்த காரணம் அது மட்டுமில்லை என்பது உங்களுக்கும் தெரியும். அதை இப்போது கிளற வேண்டாம்.

ஒரு உதவி. நாவலில் ஒரு மாளிகை பக்கத்துக்குப் பக்கம் கெட்டுக்கொண்டே போகிறது. என் கையில் இருப்பது 'பாழடைந்த' என்ற ஒரே சொல்தான். எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது. ஆபத்தான கட்டடங்களைப் பார்த்து நோட்டீஸ் ஒட்டுவதுதானே உங்கள் உத்தியோகம்? சொற்கள் அனுப்புங்கள். சொற்கள் மட்டும் போதும்.

நீங்கள் வைத்த பெயரே இருக்கட்டும்,
அகராதி


மார்ச் 11

அன்புள்ள அகராதிக்கு,

எல்லாவற்றையும் பாழடைந்தது என்று எழுதினால் எங்கள் ஆபீசில் ஃபைல் அப்படியே திரும்பி வரும். எது கெட்டது, எப்படிக் கெட்டது என்று சொல்ல வேண்டும்.

மரம் உளுத்துப்போகும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், அழுத்தினால் விரல் உள்ளே போகும். நம் குளியலறைக் கதவு நிலை மாதிரி. கயிறும் துணியும் இற்றுப்போகும். மாடிக் கொடிக்கயிறு போன வாரம் என் சட்டைகளோடு கீழ்வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. காரை முதலில் பொரியும், பிறகு உதிரும். உன் மேசைக்கு மேலே இன்னும் உதிரவில்லை. சுவரில் ஓதம் ஏறும், இரும்பில் துரு ஏறும். காகிதத்தைச் செல் அரிக்கும். உன் அலமாரியின் கீழ்த்தட்டு, சொன்னால் கத்துவாய். கிணறு தூர்ந்துபோகும். நல்லவேளை, நம்மிடம் கிணறு இல்லை.

போதுமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

விரிசல்


மார்ச் 19

விரிசல் ஆபீசருக்கு,

சொற்கள் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. சந்தோஷத்தில் கடிதத்தை மறுபடி படித்தபோதுதான் கண்ணில் பட்டது. நான் கேட்டது கதையில் வரும் வீட்டுக்கு. நீங்கள் அனுப்பியது நம் வீட்டை.

ஊரார் கூரைக்கெல்லாம் ஏணி போட்டு ஏறுகிற மனுஷன்! நான் இருந்தபோதும் அந்தக் கதவு நிலை உளுத்துத்தான் இருந்தது, சொன்னால் "பாக்கலாம்". ஒழுகுகிறது என்றாலும் பாக்கலாம், எனக்கு மூச்சு முட்டுகிறது என்றாலும் பாக்கலாம். அதனால்தான் கிளம்பினேன். கிளற வேண்டாம் என்றவளே கிளறியாயிற்று.

பூட்டிக் கிடந்து கெட்ட வீட்டுக்கு எத்தனையோ சொல் இருக்கிறது. உள்ளே ஆள் இருந்தும் கெட்டுப்போகிற வீட்டுக்கு என்ன சொல்? தெரிந்தால் எழுதுங்கள். இந்த அறையில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அகராதி


ஏப்ரல் 2

என் அகராதிக்கு,

நீ கேட்ட சொல்லைத் தேடிவிட்டேன், இல்லை. எங்கள் டிராஃப்ட்ஸ்மேனிடம் கேட்டேன். "ஆளு இருந்தா வீடு கெடாது சார். அப்புறம் அதுக்கு எதுக்கு வார்த்தை?" என்கிறார்.

தச்சரைக் கூப்பிட்டேன். நிலையைத் தொட்டுப் பார்த்தவர், "நீங்கதானே சார் ஊருக்கெல்லாம் நோட்டீஸ் ஒட்டறவரு?" என்றார். சிரிக்கக்கூட இல்லை. புது நிலை வைத்தாயிற்று. கதவு சத்தமில்லாமல் சாத்துகிறது, தாழ்ப்பாளும் விழுகிறது. இத்தனை வருஷம் தாழ்ப்பாள் விழாததால்தானே, உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று குளிக்கும்போதெல்லாம் உரக்கப் பாடினாய்? உனக்குப் பாடப் பிடிக்கும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது.

வா என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வா.

உன்
விரிசல்


ஏப்ரல் 27

அன்புள்ள உங்களுக்கு,

பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். அதற்குள், முடித்து அனுப்பிய நாவலுக்குப் பதிப்பகத்திலிருந்து புரூஃப் வந்துவிட்டது. உளுத்தது, இற்றது, பொரிந்தது, ஒன்றுகூட இல்லை. எல்லா இடத்திலும் 'பாழடைந்த'! போன் செய்தால் எடிட்டர், "எல்லாம் ஒண்ணுதானே மேடம்? வாசகருக்குப் புரியணுமில்ல?" என்கிறார். பொறுக்க முடியாமல் பக்கத்து அறைப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். "இதுக்கா இவ்வளவு கோபம்?" என்றாள்.

இதைக் கேட்டு என்னைவிட அதிகமாகக் கொதிக்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார்.

சனிக்கிழமை புரூஃபோடு வருகிறேன். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். தங்குவாயா என்று மட்டும் கேட்காதீர்கள்; "பாக்கலாம்" என்றுதான் நானும் சொல்வேன்.

எனக்குப் பாடவே பிடிக்காது. குளியலறையில் சத்தம் கேட்கவில்லையே என்று பயந்துவிடாதீர்கள். உள்ளேதான் இருப்பேன்.

உங்கள்
அகராதி