இருபது நிமிடச் சாப்பாடு

என் அன்பு மனைவிக்கு,

இங்கே நான் நலம். ஞாயிறுதானே போனில் பேசினோம், அதற்குள் கடிதமா என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று நான் சொன்ன ஒரு பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் எழுதுகிறேன். அங்கே நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், என்ன செய்யட்டும் என்று கேட்டாய். நான் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

சமையலறைக் குழாயை உன் அண்ணன் வந்து சரிசெய்துவிட்டார். போகும்போது, என்ன மாப்பிள்ளை, வீட்டுல பேச்சுச் சத்தமே இல்ல, ரேடியோவாவது போட்டு வைக்கக் கூடாதா என்றார். போட்டு வைத்திருக்கிறேன். அது பாட்டுக்குப் பேசுகிறது, நான் பாட்டுக்கு இருக்கிறேன்.

போன வருடம் நம் மருந்துத் தொழிற்சாலையில் நான் சாப்பாட்டு அட்டவணை போட்டேனே, உன்னிடம்கூடப் பெருமை அடித்துக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? அதற்கு முன் அறுபது பேரும் ஒரு மணிக்கு ஒன்றாகச் சாப்பிடுவார்கள். ஒரே இரைச்சல். வேலைக்குத் திரும்ப எப்போதும் எட்டு நிமிடம் தாமதம். மனிதவள அதிகாரி என்று ஒருவன் எதற்கு இருக்கிறேன்? பத்துப் பத்துப் பேராக ஆறு குழு, குழுவுக்கு இருபது நிமிடம் என்று பிரித்தேன். சேர்ந்து அரட்டை அடிக்கக் கூடாது என்று வாராவாரம் ஆட்களையும் மாற்றிவிட்டேன். எட்டு நிமிடம் மிச்சமானது. மேலாளர் என்னை மேடையில் கூப்பிட்டுப் பாராட்டினார். ஆட்கள் எனக்கு மணிக்கூண்டு என்று பெயர் வைத்தார்கள். அதையும் நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். என் மண்டை அப்படி.

செவ்வாய்க்கிழமை எடை போடுகிற அண்ணனை விசாரணைக்குக் கூப்பிட்டேன். பதினெட்டு வருடத்தில் ஒரு தப்பு செய்யாத மனிதர், ஒரே வாரத்தில் மூன்று முறை எடையைத் தப்பாகக் குறித்துவிட்டார். எச்சரிக்கைக் கடிதம் தயாராக என் மேஜை மேல் இருந்தது. படிவத்தில் உள்ளபடி, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டேன். வீட்டுக்காரி தவறிப்போயி நாப்பது நாளாச்சு சார் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

மூன்று நாள் விடுப்பு எடுத்திருக்கிறார். விடுப்பு கேட்கும் இயந்திரத்தில் 'சொந்தக் காரணம்' என்று ஒரு பொத்தான்தான் உண்டு. அதை அழுத்தியிருக்கிறார். அனுமதி கொடுத்தது நான்தான். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். யார்கிட்ட சார் சொல்றது, பக்கத்துல உக்காந்திருக்கிறவன் யாருன்னே தெரியல, வாயத் திறக்கறதுக்குள்ள மணி அடிச்சிருது என்றார்.

லேபிள் ஒட்டுகிற அக்கா முன்பெல்லாம் தினமும் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள். விஷயம் தெரிந்ததும் நேரே என் அறைக்கு வந்து அழுதாள். அந்த டப்பாவ ஒரு நாள் நான் பாத்திருந்தா போதுமே சார், வெறும் கடை ரொட்டியக் கொண்டுவந்திருக்காருன்னா எனக்குப் புரிஞ்சிருக்காதா என்று கேட்டாள்.

எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பழையபடி எல்லோரும் ஒரு மணிக்குச் சாப்பிடட்டும் என்று மேலாளரிடம் மல்லுக்கு நின்றேன். ஒரு வாரம் பார்க்கலாம், உற்பத்தி குறைந்தால் நீதான் பொறுப்பு என்றிருக்கிறார். குறையட்டும்.

இன்று வெள்ளிக்கிழமை, முதல் நாள். நானும் என் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். நான் உட்கார்ந்ததும் அந்த மேஜையில் பேச்சு நின்றுவிட்டது. ஒவ்வொருவராக நைசாக அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்கள். ஏழு நாற்காலிக்கு நடுவில் நான் மட்டும் தின்றுகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. கடைசியில் அந்த எடைக்கார அண்ணன்தான் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார். என் டப்பாவை எட்டிப் பார்த்தார். அதிலும் ரொட்டிதான். வீட்ல அங்க எப்படி இருக்காங்க சார் என்று உன்னைப் பற்றிக் கேட்டார்.

நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக ஞாயிறு தோறும் இருபது நிமிடம், கையில் சீட்டு வைத்துக்கொண்டு பேசுகிறேன். குழாய், வாடகை, உன் அம்மாவின் மாத்திரை என்று வரிசையாகச் சொல்லி முடித்து, நேரம் ஆகிவிட்டது என்பேன். அந்தச் சீட்டில் நீ ஒரு நாளும் இல்லை. போன ஞாயிறு நீ ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டபோது இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. உன் இஷ்டம் என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதம் மாதக் கடைசிக்கு முன் உன் கைக்கு வந்துவிட வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிடு. ஞாயிறு வரை காத்திருக்காதே. வேலை நேரமானாலும் எடுப்பேன். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று சொல். எதிரே யாராவது உட்கார்ந்திருந்தார்களா, அதையும் சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் மணிக்கூண்டு