முதலில் கேட்டது யார்

2025 ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. சென்னையிலிருந்து தீவுக்கு வரவேண்டிய மெயின்லேண்ட் கப்பல் வரவில்லை, காய்கறி இல்லாமல் மூன்றாவது நாளாகச் சோயா உருண்டைக் குழம்பு. கப்பல் துறையில் வேலை பார்க்கிற புருஷனிடமே கப்பல் ஏன் வரவில்லை என்று கேட்டேன். பக்தவத்சலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆபீஸ் போனார்.

அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் ஒரு பேட்டி எடுத்து முடித்துத் திரும்பும் படகில் முத்துராஜைப் பார்த்தேன். கச்சல் தீவு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். செல்போன் டவர் பற்றி எழுதியபோது எனக்கு நிறைய உதவினார். இப்போது ஒரு பெங்களூர் கம்பெனியின் புதுக் கருவியைச் சோதித்துப் பார்க்கும் வேலை. தினமும் காலை முதல் படகில் நின்று சோதிக்கிறாராம். மீனவர்களுக்கானது. போன் சிக்னல் இல்லாத கடலில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சாட்டிலைட் வழியாகக் கரைக்கு ஆபத்துச் செய்தி போகுமாம். இன்னும் விற்பனைக்கு வரவில்லை. பையைத் திறந்து காட்டினார். மஞ்சள் நிறம், சோப்புக் கட்டி அளவு.

"ஈரக் கையோட அமுக்கினா வேல செய்ய மாட்டேங்குது அக்கா. நாப்பது தடவ அமுக்கினேன், பதினொரு தடவ செய்தி போகல. ரிப்போர்ட்ல எழுதிட்டேன். அடுத்த மாடல்ல பாத்துக்கலாம்ங்கிறாங்க. கடல்ல போறவனுக்குக் கை காஞ்சா இருக்கும்?"

எனக்கு முதலில் மீனவர்கள் நினைவுக்கு வரவில்லை. இதை இன்னும் யாருமே படம் போடவில்லையே என்றுதான் தோன்றியது. இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

ஜூலை 9

சென்னைக்கு போன் போட்டு எங்கள் செய்தி இணையதளத்தின் ஆசிரியர் சுதாகரிடம் சொன்னேன். பழுதைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள், "படம் கிடைக்குமா உமா?" என்றார்.

ஜூலை 10, வியாழன்

முத்துராஜுக்கு மெசேஜ் அனுப்பினேன். "ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் அதைக் கொண்டு வாங்க. படம் எடுத்துட்டுக் கையோட திருப்பித் தந்துடறேன். உங்க பேர் எங்கேயும் வராது."

நாலு மணி நேரம் பதிலே இல்லை. பிறகு, "டீக் ஹை அக்கா. நீங்க சொன்னா சரி."

அந்த நாலு மணி நேரம் அவர் என்ன யோசித்திருப்பார் என்று நான் யோசிக்கவில்லை. எந்த மேஜை விரிப்பில் வைத்து எடுத்தால் மஞ்சள் எடுப்பாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

டிபன் பையில் வைத்துக் கொண்டு வந்தார். ஒன்பது படம். பின்மூடியைக் கழற்றி உள்ளேயும் எடுத்தேன். அதற்கு நான் அனுமதி கேட்டேனா? "உள்ளயும் பாத்துடலாமா" என்று சொல்லிக்கொண்டே திருப்புளியை எடுத்துவிட்டேன், அதைக் கேட்டதாகச் சொல்ல முடியாது. மனுஷன் டீயைத் தொடவே இல்லை. "ஸ்க்ரூ தொலஞ்சிடப் போகுது அக்கா" என்று மட்டும் ரெண்டு தடவை சொன்னார்.

பத்துபஸ்தியில் எங்கள் வீட்டுக்கு மேலே விமானம் இறங்கும்போதெல்லாம் ஜன்னல் அதிரும், எங்களுக்குப் பழகிவிட்டது. அவர் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார்.

ஜூலை 16, புதன்

கட்டுரை வந்துவிட்டது. "இதுவரை யாரும் பார்க்காத கருவி" என்று தலைப்பு. மதியத்துக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். டில்லியிலிருந்து ஒரு சேனல் என் நம்பரைக் கேட்டதாம். பதினான்கு வருஷம் இந்தத் தீவில் உட்கார்ந்து எழுதியதற்கு இன்றுதான் ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"தினமும் காலையில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து கிளம்பும் முதல் படகின் கம்பியோரம் நின்று, மழையில் நனைந்தபடி இதைச் சோதிக்கிறார் ஒருவர்." சுதாகருக்கு இந்த வரி ரொம்பப் பிடித்துவிட்டது. இதுதான் கட்டுரைக்கே உயிர் என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஈரக்கைப் பழுது பதினோராவது பத்தியில் வருகிறது. அதுவரை எத்தனை பேர் படித்திருப்பார்களோ.

ஜூலை 17

கம்பெனிக்காரர்கள் முத்துராஜைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையாம்.

அந்த வரிதான். சென்னையில் தினமும் ரயிலில் போகிறவர் என்று எழுதினால் லட்சம் பேருக்குள் ஒருவர். இங்கே? முதல் படகில் வருகிறவர்கள் யார் யார் என்று டிக்கெட் கிழிப்பவருக்குக்கூடத் தெரியும். கருவியோடு வருகிற ஆள் ஒரே ஒருத்தர். பேரைப் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நேரம், இடம், நிற்கிற பக்கம் எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். வரி அழகாக இருந்தது, விட்டுவிட்டேன்.

ஜூலை 18

மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

கம்பெனி போலீஸில் புகார் கொடுத்துவிட்டது. நம்பிக் கொடுத்த பொருளை வெளியே கொடுத்தார் என்று முத்துராஜ் மேல் வழக்கு. என்னையும் விசாரிப்பார்களாம். எங்கள் இணையதளத்தின் வக்கீல் ராஜகுமாரி சென்னையிலிருந்து பேசினார்.

"மேடம், பொதுநலச் செய்தி, அதைவெச்சு வாதாடலாம். அவரா கொண்டு வந்து குடுத்தா உங்க நிலைமை ஒண்ணு. நீங்க கேட்டு அவர் எடுத்துட்டு வந்தா அது வேற, தூண்டினதா ஆயிடும். அதனால ஒரே ஒரு கேள்விதான். முதல்ல கேட்டது யாரு?"

"அவர்தான் கொண்டு வந்தாரு" என்றேன்.

சுத்தப் பொய்யும் இல்லை. டிபன் பையில் வைத்துக் கொண்டு வந்தது அவர்தானே. சீ! எத்தனை பேருடைய மழுப்பலைப் பேட்டியில் பிடித்திருக்கிறேன், இதே மாதிரி.

போனை வைத்ததும் அந்த மெசேஜை அழித்தேன். அழித்துவிட்டு அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தேன்.

ஜூலை 24

ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் தன்மையாகத்தான் பேசினார். "ஆப்னே மாங்கா தா, யா உஸ்னே குத் தியா?" நீங்கள் கேட்டீர்களா, அவராகக் கொடுத்தாரா. வக்கீல் சொல்லிக் கொடுத்தபடி, தானாகக் கொண்டு வந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

முத்துராஜுக்கு வேலை போய்விட்டது. மூன்று நாள் உள்ளே வைத்திருந்து ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். வாரம் ஒரு தடவை ஸ்டேஷனில் கையெழுத்து.

"உன் பேர் வழக்குல இல்ல, சந்தோஷப்படு" என்கிறார் பக்தவத்சலம். அவர் மேல் கோபமாக வருகிறது. நான் நினைத்ததைத்தானே சொன்னார், அதுதான் கோபம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று ராணி வந்தாள். முத்துராஜின் மனைவி. குடையை வாசலில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. திட்ட வந்திருக்கிறாள், திட்டட்டும் என்று நினைத்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் திட்டவில்லை.

"அக்கா, ஒங்க மெசேஜு ஏதும் எங்க வீட்டு போன்ல இல்ல. பயப்பட வேணாம்னு சொல்லிட்டு வரச் சொன்னாரு. போலீஸு வர முந்தியே அழிச்சிட்டாரு. நானாதான் கொண்டு போய்க் குடுத்தேன்னு எழுதிக் குடுத்திட்டாரு."

ஏன் என்று கேட்டேன். வேறென்ன கேட்க?

"என்னத்தச் சொல்ல? அக்காவும் மாட்டினா இந்த மிஷின்ல பழுதுன்னு எழுத யாரு இருக்கான்னாரு. நான் சண்ட போட்டேன் அக்கா, பொய் சொல்ல மாட்டேன். நௌக்ரி போச்சு, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகல. வேணாம்னு அழுதேன். கேக்கல."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செய்தி தந்தவரைக் காப்பாற்ற வேண்டியது என் வேலை. என்னை அவர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அதுவும் நான் என்ன எழுதினேன் என்று நம்பி? பதினோராவது பத்தி! பழுதை எழுத எனக்கு அந்தக் கருவியே வேண்டியிருக்கவில்லை. நாப்பதுல பதினொண்ணுன்னு படகுலயே சொல்லிட்டாரே. அது போதாதா எனக்கு? ரிப்போர்ட்டைக் கேட்டிருக்கலாம், நாலு மீனவர்களைக் கேட்டிருக்கலாம். எனக்குப் படம் வேணும். எனக்குத்தான் வேணும்.

ஆகஸ்ட் 13

ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன், இன்று போகவில்லை. மழை என்று ஒரு சாக்கு.

ஆகஸ்ட் 15

ஆபீஸில் கொடி ஏற்றிவிட்டு வந்த பக்தவத்சலத்தை உட்கார வைத்துச் சொன்னேன். ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று.

"எனக்கு ரிட்டயராக நாலு வருஷம் இருக்கு உமா. ஆபீஸ்ல என்ன பேசுவாங்க தெரியுமா?"

"தெரியும்."

"அவனே நானாதான் குடுத்தேன்னு சொல்லிட்டான். நீ போனா அவனுக்கு வேல திரும்பக் கிடைக்குமா?"

கிடைக்காது. அதுவும் தெரியும். சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார், இருபது வருஷத்தில் முதல் தடவை.

ஆகஸ்ட் 18, திங்கள்

சொல்லிவிட்டேன். நான்தான் கேட்டேன், மெசேஜ் அனுப்பிக் கேட்டேன், அவர் நாலு மணி நேரம் தயங்கினார், மெசேஜை அழித்ததும் நான்தான். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டு, "மேடம், யே க்யோன் கர் ரஹி ஹைன் ஆப்?" என்றார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று. எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

வெளியே வந்ததும் வக்கீலுக்கு போன் செய்தேன். இனிமேல் நீங்கள் தனியாக வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

ஆகஸ்ட் 20

சுதாகரிடமிருந்து இரண்டு வரி மெயில். இனி கட்டுரை அனுப்ப வேண்டாமாம். படகு பற்றிய வரியை மட்டும் நேற்றே எடுத்துவிட்டார்களாம். இப்போது எடுத்து என்ன.

ஆகஸ்ட் 29

பொத்தானை மாற்றும் வரை சோதனையை நிறுத்தி வைப்பதாகக் கம்பெனி அறிவித்திருக்கிறது. "பார், உன் கட்டுரை வேலை செஞ்சிருக்கு" என்கிறார் பக்தவத்சலம், பாவம், என்னைத் தேற்ற. முத்துராஜின் ரிப்போர்ட்டில் அதே நாற்பதும் பதினொன்றும் இருந்தது. அதை மட்டும் எழுதியிருந்தாலே போதுமா, போதாதா? எனக்குத் தெரியாது. போதாது என்று நம்ப ஆசையாக இருக்கிறது, அதனாலேயே நம்பத் தயங்குகிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

எனக்கும் முன்ஜாமீன் கிடைத்துவிட்டது, அதே நிபந்தனையோடு. இன்று முதல் கையெழுத்து. பத்து மணிக்குப் போனேன். முத்துராஜ் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருக்கிறார். ஒரு கடைக் கிடங்கில் லோடு ஏற்றுகிற வேலை என்று ஏட்டு சொன்னார்.

வரும் வழியெல்லாம் என்னென்னவோ ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் அக்கா என்று கூப்பிடவில்லை. பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். நான் அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

நோட்டு வந்தது. அவர் போட்டுவிட்டு என் பக்கம் நகர்த்தினார். கயிற்றில் கட்டியிருந்த பேனாவை நான் எடுக்கப் போனேன்.

"அது எழுதாது" என்று தன் பேனாவை நீட்டினார்.

வாங்கி, அவர் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.