மீன் சமைக்காத ஒழுங்கை

இன்பருட்டி,
பருத்தித்துறை.
வியாழக்கிழமை காலை

அன்புள்ள தனுசியாவுக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளையும் அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று அறியத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் நீ சொல்வதை நான் நம்பவில்லை, கோபிக்காதே. நம் ஒழுங்கைக் கனிசியஸின் வான் இன்று பின்னேரம் கொழும்புக்கு வெளிக்கிடுகிறது, அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை நீ பாதியில் துண்டிக்க முடியாதுதானே.

எப்போது எடுத்தாலும் நிவேதனா நித்திரை என்கிறாய். அவளை நித்திரையாக்க நாம் பட்ட பாடு எனக்கு மறந்துபோகுமா? முகத்தைக் காட்டு என்றால் வார்ட்டில் விடமாட்டார்கள் என்கிறாய். போன கிழமை விட்டார்களே? இருதயத்து ஓட்டையை அடைக்க இன்னும் நாள் தரவில்லை என்கிறாய். நாள் தராத பிள்ளையை எதற்கு அங்கேயே வைத்திருக்கிறார்கள்?

இங்கேயும் ஒருவர் முகமும் சரியில்லை. பக்கத்து வீட்டு அக்கா சில நாட்களாகச் சோறு கொண்டுவருகிறா. கத்தரிக்காய், பருப்பு, கீரை. மீன் இல்லை. குணலட்சுமி அக்கா மீன் இல்லாமல் ஒரு நேரம் சமைத்து நீ பார்த்திருக்கிறாயா? விரத நாளும் இல்லை. அவ மட்டும் என்றால் பரவாயில்லை. இந்த ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் மீன் குழம்பு மணக்கவில்லை. நேற்றுக் கரையில் தில்லைநாதன் அண்ணை படகில் வந்த மீன் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, கறிக்கென்று ஒன்றுகூட எடுக்காமல் போனார். நான் கிட்டப் போனதும் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவர் வீட்டுக் கொடியில் ஈர வேட்டிகள் தொங்கின. எங்கே போனீர்கள் என்று கேட்டேன். கீரிமலைக்கு, சும்மா குளிக்க என்றார். கடலிலேயே கிடக்கிற மனிசன் குளிக்க அவ்வளவு தூரம் போவாரா? கீரிமலைக்குச் செத்தவர்களுக்கு அந்தியேட்டி செய்யப் போகிறவர்களைத்தான் எனக்குத் தெரியும். அயலவர் சோறு கொண்டுவருவதும் மீன் சமைக்காததும் எந்த வீட்டுக்கு என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தனுசியா, பிள்ளை இருக்கிறாளா? எல்லோருக்கும் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறதா? எதுவென்றாலும் சொல்லிவிடு.

மத்தியானம்

மேலே எழுதியதைக் கிழித்து எறியவில்லை, நீயும் கொஞ்சம் அனுபவி. எழுதி முடித்த கையோடு அக்காவிடம் போய் நேரே கேட்டேன். அகப்பையைக் கீழே போட்டுவிட்டு அழத் தொடங்கிவிட்டா. நான் வாசலிலேயே குந்திவிட்டேன். அதன் பிறகுதான் சொன்னா: "பிள்ளை இருக்கிறாளடா. நாளைக்குக் காலமை ஒப்பரேசன். நீ அங்கை போய்ச் சண்டை பிடிப்பாயெண்டுதான் தனுசியா சொல்ல வேண்டாமெண்டவள்."

ஒழுங்கை முழுக்கக் கீரிமலை நகுலேஸ்வரருக்கு நேர்த்தி வைத்திருக்கிறார்களாம். பிள்ளை கண் திறக்கும்வரை ஒருவரும் மீன் தொடுவதில்லை என்று. சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் கனிசியஸ்கூட. எனக்குச் சொன்னால் நான் உடனே காரணம் கேட்பேன் என்று, சொல்லாமலே எனக்கும் மரக்கறியையே போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்காமலே என்னையும் விரதம் இருக்க வைத்துவிட்டார்கள்.

கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் பிள்ளையின் ரத்தம் எடுத்த சின்னப் போத்தலில் பெயர் எழுதினால்தான் விடுவேன் என்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை நீ இன்னும் மறக்கவில்லை. இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். அதனால்தான் நான் வரவில்லை. கனிசியஸ் வானில் இடம் இருக்கிறது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டான். வந்தால் நான் சும்மா இருக்கமாட்டேன். யார் கத்தி பிடிக்கிறார், எத்தனை பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறார், ஏன் கதவைச் சாத்துகிறீர்கள் என்று கேட்பேன். நாளைக்கு அந்த டொக்டர்மாரின் மனம் அமைதியாக இருக்க வேண்டும். உன்னுடையதும்.

இப்போதும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. நாளை என்பது உண்மையா, இல்லை இன்றைக்கே முடிந்துவிட்டதா? கேட்கமாட்டேன். நாளைதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. நகுலேஸ்வரர் உங்கள் இருவரோடும் இருப்பார். நாளைக்கு என்ன நடந்தாலும் முதலில் எனக்குச் சொல்லு, அக்காவுக்கு அல்ல.

ஒன்று மட்டும் செய். மயக்க ஊசி போட முதல் பிள்ளை என்னைத் தேடுவாள். அப்பா கதவுக்கு வெளியே நிற்கிறார் என்று சொல்லு. எனக்கு மறைத்தது போல அவளுக்கும் மறைத்துவிடு. உன் குரலில் ஒரு வித்தியாசமும் தெரியக்கூடாது.

இப்படிக்கு,
உன்
சுதாகரன்